கூடுதலாக ஒரு தலை

கிணற்று மேட்டில் அன்று நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டக்காரர்; கிணறு அவருடையது. தபால்காரர், பிள்ளைகளின் சத்தத்தை முதலில் கேட்டவர். தொடக்கப் பள்ளி வாத்தியார். என் அண்ணன், தறிக்குழியிலிருந்து எழுந்த கோலத்திலேயே ஓடி வந்திருந்தார். மொட்டைப் பையனின் தாய். கடைசியாக நான்.

உள்ளே எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர்.

கிணறு நாலு ஆள் ஆழம். தண்ணீர் வற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் கால் வைத்துப் பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள். ஐப்பசி மாதம். நாலு நாள் மழையில் மண் நன்றாக ஊறிக் கிடந்தது. கடைசிப் பையன் இறங்கும்போது கீழ்ப்பாதிக் கற்கள் பெயர்ந்து விழுந்துவிட்டன. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஏற வழி இல்லை.

எட்டிப் பார்த்தேன். அடியில் கணுக்கால் அளவு சேறு. ஐந்து முகமும் மேலே பார்த்தன. நெட்டைப் பையன் நடுவில் நின்றான். அவனுக்கு இடது பக்கம் ரெட்டைச் சடைப் பிள்ளை. முன்னால் மொட்டை. பின்னால் மற்ற இருவர். போன மாதம் பத்திரிகைக்கு நான் போட்ட படத்தில் ஐந்து பேரும் அப்படித்தான் நின்றார்கள்.

வாத்தியாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன்தான் பேசினார்.

"ஏலே, ஒன் பொம்மையப் பாத்துத்தான் எறங்கியிருக்குதுவ. இப்பத் திருப்தியா?"

"அந்தப் பொம்மையால எம் பிள்ளை தலையே போச்சு அண்ணாச்சி" என்றாள் மொட்டைப் பையனின் தாய். "கோயிலுக்கு நேந்துகிட்டு எடுத்த மொட்டையா அது? படத்துல வாரவன் மாதிரி வேணும்னு அவனாப் போய் வழிச்சிட்டு வந்துட்டான்."

மேற்கே மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தறிதான் தொழில். உலகச் சண்டைக் காலத்தில் நூலுக்குக் கண்ட்ரோல் வந்தது; அளந்துதான் கொடுத்தார்கள். வாரத்தில் பாதி நாள் தறி சும்மா கிடந்தது. சேலைக் கரைக்கு டிசைன் எழுதும் கட்டம் போட்ட தாள் வீட்டில் இருந்தது. அதில் நான் மயில், அன்னம் எழுதுவேன். நூல் இல்லாத நாட்களில் குரங்கு எழுதினேன், வாத்தியார் எழுதினேன், அண்ணன் கோபப்படுவதை எழுதினேன். வாத்தியார் அதில் தன்னைப் பார்த்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு தபால் கவரில் நாலு தாளைப் போட்டு மெட்ராஸில் ஒரு குழந்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் ஆரம்பம். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் மாதம் எட்டுக் கட்டம் படக்கதை என்று ஆனது. எனக்கு எழுத்து குறைவு. அதனால் படத்தில் ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள். பேசுகிற கொஞ்சத்தையும் பத்திரிகை ஆசிரியர் பிழை திருத்தி அங்கேயே ஒருவரை வைத்து எழுதிக்கொள்வார்.

என் கதையில் ஐந்து பிள்ளைகள். மொட்டை, நெட்டை, தொந்தி, பல்லன், ரெட்டைச் சடை. பேர் வைக்கவில்லை. உருவம்தான் பேர். எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தொந்திக்கு ஆள் கிடைக்காமல் ஒரு ஒல்லிப் பையன் சட்டைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு திரிந்தான்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

கூட்டமாக ஆட்கள் வரும் கட்டத்தில் நான் முதலில் பென்சிலால் தலைக்கு ஒரு வட்டம் வீதம் போட்டுவிடுவேன். இடம் சரியில்லை என்றால் தள்ளி இன்னொரு வட்டம் போடுவேன். பழையதை அழிக்க மாட்டேன். பென்சில் கோடு அச்சுக்கு எடுக்கும் பிளாக்கில் விழாது. கறுப்பு மை மட்டும்தான் அச்சில் வரும். பிறகு எதற்கு ரப்பரைத் தேய்க்க வேண்டும்? இது என் பழக்கம்.

ஒரு மாதம் தபால் பை கட்டும் நேரம் நெருங்கிவிட்டது. என் கட்டு இல்லாமல் பிற்பகல் ரயிலுக்குப் பை போய்விட்டால் அந்த மாதம் அச்சுக்குப் பிந்திவிடும். அவசர அவசரமாக மை போட்டேன். அழிக்காமல் விட்ட பழைய வட்டத்துக்கும் கண் வைத்துவிட்டேன், மூக்கு வைத்துவிட்டேன், கொஞ்சம் முடியும் வைத்துவிட்டேன். கட்டி அனுப்பிவிட்டேன். பார்க்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்த அன்று என் மகள்தான் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு. கட்டத்தில் விரலை வைத்து எண்ணினாள்.

"அப்பா, இது யாரு?"

அப்போதுதான் அந்தத் தலையைக் கண்டேன். நெட்டையனின் முழங்கைக்குக் கீழே, சின்னதாக, சிரித்துக்கொண்டு இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அது நீதான் மக்கா."

அவள் அன்று சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தெருவில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஐந்து பேரும் நம்பவில்லை. பிறகு படத்தைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்துத் தபால்காரர் ஆசிரியரின் கார்டைக் கொடுத்தார். கார்டை அவர் படிக்காமல் கொடுத்ததே இல்லை.

"என்னவே, ஆறாவதா ஒரு ஆளு நிக்கானாமே? ஊரு ஊரா பிள்ளைய எழுதிக் கேக்குதாம். யாருவே அவன்?"

கார்டில் அதேதான் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. கைப்பிசகு என்றால் எழுதுங்கள், தொடரை முடித்துக்கொண்டு வேறு ஓவியரைப் பார்க்கிறேன் என்று.

எனக்கு இரண்டு நாள் கை ஓடவில்லை. நூல் கண்ட்ரோல் அப்போது தளர்ந்திருந்தது. தறிக்குத் திரும்பினால் பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் திரும்ப எனக்கு மனம் இல்லை. பிழை இல்லை, வேண்டும் என்றே வைத்தேன், அடுத்த மாதம் விவரம் வரும் என்று கார்டு போட்டேன். பொய்தான்.

பொய் சொன்னதால் கதை கட்ட வேண்டியதாயிற்று. ஆறாவது ஆள் ரகசியமான ஆள் என்று வைத்தேன். யார் கேட்டாலும் ஐந்து பேர் என்றே சொல்வது என்று மற்றவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். ஆபத்தான இடம் என்றால் ஆறாவது ஆள்தான் முதலில் போய் ஒளிந்து காவல் இருக்கும். யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. எதிரி நமக்குத் தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடுவான். கல்லால் ஐந்து தட்டு தட்டினால் மட்டும் அது ஆறாவது தட்டைத் தட்டிவிட்டு வெளியே வரும்.

ஒளிந்திருக்கும் ஆளைப் போடுவது சுலபம். கட்டம் முழுக்கக் கறுப்பு மையை அப்பிவிட்டு இரண்டு கண் மட்டும் வைத்தால் போதும். அந்த மாதம் வேலை சீக்கிரம் முடிந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தக் கறுப்புக் கட்டம் ஒரு பாழுங்கிணற்றின் பக்கச் சுவரில் இருக்கும் பொந்து. ஐந்து பேரும் கிணற்றுக்குள் நின்று மேலே பார்ப்பது கடைசிக் கட்டம்.

பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. கடிதம் குவிகிறது என்று ஆசிரியர் எழுதினார்.

புத்தகம் எங்கள் தெருவுக்கு வந்து மூன்றாம் நாள் இந்தக் கிணற்று மேட்டில் நின்றேன்.

தோட்டக்காரர் அடுத்த கிணற்று மாட்டுக் கமலையிலிருந்து வடக்கயிற்றையும் நீர் இறைக்கும் பெரிய வாளியான கூனையையும் கழற்றிக்கொண்டு வந்தார். வடத்தை ஒரு புளியமரத்தில் சுற்றிக் கட்டினோம். அவர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூனைக்குள் உட்கார வைத்தார். நாங்கள் இழுத்தோம். இழுக்கும்போது சுவரிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் எண்ணுவது மாதிரியே எண்ணினார்.

மொட்டைப் பையன் வந்ததும் அவன் தாய் முதலில் ஒரு அறை கொடுத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

"அஞ்சு" என்றார் வாத்தியார். "முடிஞ்சுது. எல்லாம் வந்தாச்சு."

தோட்டக்காரர் மேலே ஏறி வந்தார். தபால்காரர் சைக்கிளை நிமிர்த்தினார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். முதல் தூறல் விழுந்தது.

எல்லோருக்கும் கணக்குச் சரி. எனக்குச் சரியில்லை. எதனால் என்று அந்த நிமிஷம் தெரியவில்லை. பிள்ளைகளிடம் போனேன்.

"எத்தன பேரு எறங்குனீங்க?"

"அஞ்சு!"

ஐந்து வாயும் ஒன்றாகச் சொல்லிற்று. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் சொல்லுமா?

என் மகள் அன்று என் அக்கா வீட்டில் இருந்தாள். கீழத் தெருவில். லீவு நாளில் சாப்பாடு அங்கேதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

"அண்ணே, எம் மக அக்கா வீட்டுலதான இருக்கா?"

"எங்கிட்டக் கேட்டா? நீ பெத்தியா நான் பெத்தேனா?"

தபால்காரரிடம் போனேன். "சைக்கிள்ல போய் எங்க அக்கா வீட்டுல ஒரு எட்டு பாத்துட்டு வாரீரா? எம் பிள்ளை அங்கன இருக்கான்னு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக ஒரு கேள்வியாவது கேட்பார். அன்று கேட்காமல் மிதித்துக்கொண்டு போனார்.

கிணற்றுக்குள் குனிந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். மண் உதிரும் சத்தம்தான் வந்தது.

"யாரவே கூப்புடுதீரு?" என்றார் தோட்டக்காரர். "நான் எறங்கி நின்னுட்டு வாரேன். அங்க ஒரு குருவிகூடக் கெடையாது."

"பொந்து எதும் இருக்கா?"

"இருக்கு. ஊத்து தேடி எங்க அப்பா காலத்துல பக்கவாட்டுல தோண்டுனது. பாதி மூடிக்கெடக்கு. நாய்தான் நொழையும்."

"உள்ள பாத்தீரா?"

"எதுக்குப் பாக்கணும்? பாம்பு கெடந்தா யாரு பதில் சொல்லுவா?"

திரும்பி மொட்டைப் பையன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"மக்கா, படம் போடுதவன் நான்தான? எங்கிட்டச் சொல்லலாம்லா? எத்தன பேரு?"

அவன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அஞ்சு, மாமா. யாரு கேட்டாலும் அஞ்சுன்னு சொல்லணும்னு நீங்கதான போட்டிருக்கீங்க."

அவன் தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வடத்தைப் பிடித்தேன். "ஏலே, பொறு. நான் போறேன்" என்றார் அண்ணன். "ஒன் கை பென்சில் புடிக்கிற கை. வடம் நிக்காது." நான் நிற்கவில்லை. உள்ளங்கை வழுக்கித் தோல் உரிந்தது. பாதி இறங்கியபோது மேலே சைக்கிள் கீழே விழும் சத்தம் கேட்டது. தபால்காரர் கத்தினார்.

"அக்கா வீட்டுல இல்ல! சாப்ட ஒடனே வீட்டுக்குப் போய்ட்டாளாம்! ஒம்ம வீட்டம்மா, பிள்ளை அக்கா வீட்டுல இருக்குன்னு சொல்லுது!"

சேற்றில் கால் வைத்தேன். மழை இப்போது நேராக உள்ளே விழுந்தது. பொந்து என் முழங்கால் உயரத்தில் இருந்தது. மேலே சுவர் ஊறித் தள்ளிக்கொண்டு நின்றது. என் தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. உள்ளே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நான் அப்பிய கறுப்பு அப்படியே இருந்தது. கண்கள் இல்லை.

கூப்பிட்டேன். மகளே என்று கூப்பிட்டேன். அம்மா தேடுகிறாள் என்றேன். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். அடிப்பேன் என்றேன். மேலேயிருந்து அண்ணனும் கூப்பிட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

பதில் இல்லை. ஒரு கட்டி மண் என் முதுகில் விழுந்தது.

யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. எதிரி தெரிந்தவர் குரலில் கூப்பிடுவான். இரண்டையும் எழுதியவன் நான். அது நினைவுக்கு வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

சேற்றில் துழாவிப் பெயர்ந்து விழுந்த படிக்கல்லின் ஒரு துண்டை எடுத்தேன். பொந்தின் வாயில் ஒரு கல் பதிந்திருந்தது. "யாரும் பேசாதீங்க" என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

மழைச் சத்தம். உள்ளே மண் சரிந்திருந்தால் அவளால் தட்ட முடியாது. கல் கையில் கிடைக்காவிட்டாலும் தட்ட முடியாது. பயந்து தூங்கிப்போயிருக்கலாம். இதையெல்லாம் நினைத்தேன். மறுபடியும் ஐந்து தட்டலாமா, தட்டினால் பத்து என்று ஆகிவிடுமா என்றும் நினைத்தேன். அவள் பத்துக்கு வர மாட்டாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

பிறகு குரல் வந்தது. "மத்தவங்கல்லாம் எங்கன?"

"மேல இருக்காங்க."

"செயிச்சாச்சா?"

"செயிச்சாச்சு. வா."

தலை வந்தது. முடி முழுக்க மண். தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். கையில் ஒரு சின்னக் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தாள். விடவில்லை.

"நான் கூப்டது கேக்கலியா?"

"கேட்டிச்சு. எதிரிதான் அப்பா மாதிரி கூப்புடுதான்னு நெனச்சேன். மிட்டாய் தாரேன்னான். அப்பா எப்பமும் மிட்டாய் தாரேன்னு சொல்ல மாட்டீங்கல்லா?"

அவளைக் கூனையில் உட்கார வைத்தேன். இழுத்தார்கள். பிறகு என்னை இழுத்தார்கள். மேட்டில் அண்ணன் தன் துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். வீடு வரைக்கும் அவளை அவர்தான் தூக்கி வந்தார்.

என் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினாள். அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"ஏங்க, அடுத்த மாசத்துப் படம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. மை காயுது."

"என்ன போட்டிருக்கீங்க?"

"பொந்து வழியா இன்னும் உள்ள போறாங்க."

அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

அன்று விடிய விடிய மழை. காலையில் தோட்டக்காரர் தெருவோடு போகும்போது நின்றார். பொந்து இருந்த பக்கம் சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காய்ந்திருந்த எட்டுக் கட்டத்தையும் கிழித்தேன்.

அன்று பிற்பகல் ரயிலுக்குள் வேறு எட்டுக் கட்டம் வேண்டும். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தேன். பேனா நிற்கவில்லை. கோடு நடுங்கிற்று. நடுங்கினால் நடுங்கட்டும் என்று போட்டேன். பொந்து வாயில் ஒரு தாய் வந்து கூப்பிடுகிறாள். ஆறாவது ஆள் முதல் கூப்பாட்டிலேயே குரல் கொடுக்கிறது. எல்லோரும் கிணற்றை விட்டு ஏறுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் தோட்டக்காரர் கிணற்று வாயை முள் வெட்டிப் போட்டு அடைக்கிறார். பிள்ளைகள் வரப்பில் நிற்கிறார்கள். வேறு கதை இல்லை.

கூடவே ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதினேன். அந்தத் தலை கைப்பிசகுதான், வேண்டும் என்றே வைத்தேன் என்று எழுதியது பொய், இனி ரகசியமும் கிடையாது, வேறு ஓவியரைப் பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நாலு வரி எழுத எட்டுக் கட்டம் போடுகிற நேரம் ஆயிற்று.

அதற்கு அவர் பதில் எழுதவே இல்லை. மாதம் பிறந்ததும் மணியார்டர் வழக்கம் போல வந்தது. தபால்காரர் நான் எழுதிய கார்டைப் பற்றிக் கதை பேசாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நான் அதன் பிறகு பல வருஷம் படம் போட்டேன். பென்சில் கோட்டை அழிக்காமல் ஒரு தாளும் அனுப்பியதில்லை.

படத்தை மாற்றிப் போட்ட அந்த நாள், தபாலுக்குக் கட்டுமுன், மகளைக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து உடனே "என்னப்பா" என்றாள். வந்து தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசிக் கட்டத்தைக் காட்டி, வரப்பில் நிற்கும் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். மை காயவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விரல் தாளில் படாமல் மேலாக வைத்து, வாய் விட்டு, ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

ஆறு.